ஒரே முனியாண்டி, மூன்று ஃபைல்

பெறுநர்: தேசிய மின்னியல் சுகாதாரத் தகவல் திட்டத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரிகள், சுகாதார அமைச்சு, புத்ராஜெயா

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். போன மாதம் என் அண்ணன் குளியலறையில் தலை சுற்றி விழுந்தார். வயது 71. நல்ல வேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. அண்ணி போன் செய்ததும் பிறையிலிருந்து கிளம்பிப் பட்டர்வொர்த்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பழக்க தோஷம், ஆளைப் பார்த்த கையோடு மருந்துப் பையைக் கொண்டுவரச் சொன்னேன். அண்ணி ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார்.

பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனையின் இருதயப் பிரிவில் கொடுத்தது ஒரு பொட்டலம். அதில் பெரிண்டோபிரில். வீட்டுப் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் கொடுத்தது இன்னொரு பொட்டலம். அதில் கவர்சில். இரண்டும் ஒரே இரத்த அழுத்த மருந்து. ஒன்று மருந்தின் பெயர், மற்றது கம்பெனி வைத்த பெயர். அண்ணன் இரண்டையும் ஒழுங்காக, ஒரு வேளை தவறாமல், ஏழு வாரம் சாப்பிட்டிருக்கிறார்.

"பேரு வேற, கலரு வேற, கொடுத்த டாக்டரு வேற. ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

தனியார் கிளினிக் டாக்டர் கேட்காமல் இல்லை. வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். "பிரஷர் மாத்திரை கொஞ்ச நாளா இல்ல டாக்டர்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் உண்மையிலேயே தீர்ந்து போயிருந்தது. பிறகு தீவுக்குப் போய் அதையும் வாங்கி வந்துவிட்டார். மூன்றாவதாக, இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) அரசாங்கக் கிளினிக்கில் ஒரு பச்சைப் புத்தகம் வேறு இருக்கிறது. மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் உண்டு. ஒன்றில் இருப்பது மற்ற இரண்டுக்கும் தெரியாது. தீவுக்கு 1985-இல் ஒரு பாலம் கட்டினோம், 2014-இல் இன்னொரு பாலம் கட்டினோம். என் அண்ணனின் மருந்துச் சீட்டு மட்டும் இன்னும் பிஸ்கட் டின்னில்தான் கடலைத் தாண்டுகிறது.

இதை ஒரு புகாராக எழுதவில்லை; நாட்டில் ஒருவருக்கு ஒரே சுகாதாரப் பதிவு என்ற உங்கள் திட்டத்துக்காக எழுதுகிறேன். பினாங்கு மாநிலத்தில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் 30 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். 1991-இல் சேர்ந்தபோது எங்கள் உலகம் இரும்பு ரேக்கும் தூசியும்தான். ஃபைல்களைக் கடைசி இரண்டு எண் பார்த்து அடுக்குவோம். ஒரு ஃபைலை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் ட்ரேசர் கார்டு ஒன்றைச் செருகி, யார் எடுத்தார்கள், எந்த வார்டுக்குப் போகிறது, என்ன தேதி என்று எழுத வேண்டும். கார்டு இல்லாத ஓட்டை கண்ணில் பட்டால் எங்கள் மேற்பார்வையாளர் அன்று யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். அந்த அனுபவத்தில் நான் பார்த்த சிலவற்றை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்கள் கூட்டங்களில் டாக்டர்கள் இருப்பார்கள், பொறியாளர்கள் இருப்பார்கள், நிதிப் பிரிவினர் இருப்பார்கள். ஃபைல் தூக்கியவர்கள் இருப்பார்களா என்பது சந்தேகம்.

ஒருவருக்கு ஒரே பதிவு, பிறப்பிலிருந்து இறப்புவரை, என்ற பேச்சு எனக்குப் புதிதில்லை. தகவல் தொழில்நுட்பத்துக்கான மல்டிமீடியா பெருவழித் திட்டம் வந்த காலத்தில், 1997-இல், தொலைமருத்துவத்துக்கென்று ஒரு வரைவுத் திட்டமே வெளியிட்டார்கள். ஆயுள்காலச் சுகாதாரப் பதிவு என்ற யோசனை அதில் அப்போதே இருந்தது. அதே வருடம் தொலைமருத்துவச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அமலுக்கு வராமலே கிடந்தது. 1999-இல் காகிதமே இல்லாத மருத்துவமனை என்று செலாயாங் திறந்தபோது எங்கள் பிரிவில் இருந்த பாதிப் பேர், இனி நமக்கு வேலை இல்லை என்று பயந்தோம். 2001-இல் சிப் வைத்த அடையாள அட்டையான மைகார்டு வந்தது. அதன் சிப்பில் இரத்த வகை, அலர்ஜி எல்லாம் ஏற்றலாம் என்றார்கள். என் கவுண்டருக்கு வந்தவர்களில் ஒருவர் கார்டில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. 2023 ஜூனில் சுகாதாரத் துறையைச் சீர்திருத்தும் வெள்ளை அறிக்கையை நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆக, யோசனைக்குப் பஞ்சமில்லை. 1997-இல் பிறந்த பிள்ளைகள் இன்று டாக்டராகி வார்டில் நிற்கிறார்கள். அவர்களும் பேஷண்டிடம் "பழைய ரிப்போர்ட் கையில் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஏன் ஆகவில்லை? என் கண்ணுக்குத் தெரிந்தவரை, ஒவ்வோர் இடமும் தனக்குத் தேவையானதைத் தனியாக வாங்கியது. மருந்தகத்துக்கு ஒன்று, இரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அந்தந்த வேலையை நன்றாகவே செய்தது. எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்து, 'இந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு நாடு முழுக்க இதுதான் பொருள்' என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்திலும் இதைப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். 2002-இல் தொடங்கிய திட்டத்தை, கோடி கோடியாகச் செலவழித்த பிறகு, 2011-இல் கலைப்பதாக அவர்கள் அரசாங்கமே அறிவித்தது. அங்கே மேலே அதிகாரம் இருந்தது. ஆனால் வார்டில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமலே மேலிருந்து இறக்கினார்கள் என்பதுதான் அதன் மீது வந்த பெரிய விமர்சனம்.

நம் நாட்டிலேயே ஜெயித்துக் காட்டிய ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத திட்டம் என்பதால் அதை யாரும் தகவல் திட்டம் என்று சொல்வதில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புக்கைச் சொல்கிறேன்.

ஒரு மழை இரவு. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணை அவள் கணவன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். பெண்ணால் பேச முடியவில்லை. அவனுக்கு மலாய் திக்கித் திக்கித்தான் வரும், பயத்தில் அதுவும் வரவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்திருந்த பிங்க் புக்கை எடுத்து நீட்டினான். மேலே சிவப்பு ஸ்டிக்கர். கவுண்டரில் இருந்த மிஸ்ஸி (தாதி) அதைத் திறக்கக்கூட இல்லை. ஸ்டிக்கரைப் பார்த்ததும் தள்ளுவண்டி வந்துவிட்டது. எனக்குக் கொடுத்த வேலை, பிறகு உட்கார்ந்து பதிவு போடுவதுதான்.

அந்த மிஸ்ஸி கிளந்தானில் படித்தவர். ஸ்டிக்கர் ஒட்டிய மிஸ்ஸி தோட்டத்துப் பக்கம் சின்னக் கிளினிக்கில் வேலை செய்பவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை, மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்க வேண்டும், பச்சை என்றால் கிளினிக் டாக்டர், வெள்ளை என்றால் மிஸ்ஸியே பார்த்துக்கொள்ளலாம் என்று பெர்லிஸிலிருந்து சபா வரை ஒரே பொருள். யாரோ உட்கார்ந்து, எந்த நிறத்துக்கு எந்த ஆபத்து என்று சண்டை போட்டு, எழுதி, எல்லோருக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். புத்தகம் தாயின் கையில் இருந்தது. அது எந்த மருத்துவமனையின் சொத்தும் இல்லை. கம்ப்யூட்டர் திட்டத்துக்கு நீங்கள் ஆலோசகர்களைத் தேடும் முன், அந்த நிறங்களை முடிவு செய்தவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் தேடிப் பிடித்து ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

அடுத்து பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதில் அடிபடுபவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்.

முனியாண்டி, தகப்பன் பெயர் ராமன் என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஐசியில் (அடையாள அட்டையில்) இரண்டு பெயருக்கும் நடுவில், மகன் என்று பொருள்படும் 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கம், ஒரு சாய்கோட்டோடு இருக்கும். ஒரு சிஸ்டம் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. இன்னொன்று அதை இடைவெளியாக்கிவிடும். மூன்றாவது இரண்டு எழுத்தையும் ஒட்டவைத்துப் புதிதாக ஒரு பெயரை உண்டாக்கும். முனியாண்டியின் கடைசி எழுத்து ஒரு கவுண்டரில் ஐ, அடுத்த கவுண்டரில் ஒய். வெளிநாட்டில் செய்த மென்பொருளாக இருந்தால் குடும்பப் பெயர் வேண்டும் என்று அடம்பிடிக்கும். உடனே ராமனைத் தூக்கி அங்கே போட்டுவிடுவார்கள். ஒரு நாள் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் 'மிஸ்டர் ராமன், மிஸ்டர் ராமன்' என்று நாலு தடவை கூப்பிட்டும் முன் வரிசையில் இருந்த மனிதர் அசையவில்லை. கடைசியில் நான் போய்த் தட்டினேன். "அப்பா செத்து இருபது வருஷம் ஆச்சும்மா, அவரை ஏன் கூப்புடுறாங்க?" என்றார்.

ஐசி எண் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். 12 இலக்க எண் நல்ல கருவிதான். ஆனால் எங்கள் ரேக்கில் பழைய ஐசி எண்ணில் திறந்த ஃபைல்களும் இருந்தன. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடு வரும் பாட்டிகள் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரமே இல்லாமல், எந்த ஐசியும் இல்லாமல் வளர்ந்தவர்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் வரும்போது கவுண்டரில் இருப்பவர் என்ன செய்வார்? ஏதாவது ஓர் எண்ணைப் போடுவார், ஏனென்றால் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது. அடுத்த முறை வரும்போது வேறு ஆள், வேறு எண். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். 'பேபி ஆஃப்' என்று போட்டுத் தாயின் பெயரை எழுதுவோம். பிறகு பிள்ளைகளுக்கான அடையாள அட்டையான மைகிட் வந்ததும் புதுப் பதிவு திறக்கும். பழையதோடு யாராவது சேர்த்துவைக்காவிட்டால் பிறந்த அன்று போட்ட ஊசி அந்தப் பிள்ளை கணக்கிலேயே இருக்காது. இரட்டைக் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரே ஆளுக்கு மூன்று பதிவு இருப்பது கெடுதல். அதைவிடக் கெடுதல் இரண்டு ஆட்களை ஒரே பதிவாகச் சேர்ப்பது. முதலாவதில் டாக்டருக்குத் தகவல் கிடைக்காது, அவர் கேட்பார். இரண்டாவதில் இன்னொருவருடைய இரத்த வகை, இன்னொருவருடைய அலர்ஜி, மிகத் தெளிவாகத் திரையில் தெரியும். யாருக்கும் சந்தேகமே வராது. எங்கள் பிரிவில் இதற்கென்றே இரண்டு பேர், நீளமான ஒரு கணக்குப் புத்தகம். பெயர், ஐசி, பிறந்த தேதி, முகவரி, தாய் பெயர் எல்லாம் பார்த்து, ஆளை நேரில் கேட்டு, பிறகுதான் சேர்ப்போம். ஒரு நாளைக்கு ஐந்தாறு ஃபைல் முடிந்தால் பெரிய காரியம். நாடு முழுவதையும் இணைக்கும்போது இந்த வேலை எத்தனை மடங்காகும் என்று யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் சந்தேகத்தை எழுப்பும், முடிவை ஓர் ஆள்தான் சொல்ல வேண்டும். உங்கள் திட்டச் செலவில் அந்த ஆளுக்குச் சம்பளம் இருக்கிறதா?

எல்லா ஃபைலும் சரியாகச் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே எழுதியிருப்பதன் பொருள் ஒன்றாக இருக்க வேண்டுமே. 'அலர்ஜி இல்லை' என்று திரையில் இருக்கிறது. கேட்டு, இல்லை என்று சொன்னார்களா? கேட்கவே இல்லையா? பல சிஸ்டங்களில் அது தொடக்கத்திலேயே 'இல்லை' என்றுதான் நிற்கும். காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது யார் அதைத் தொடுவார்கள்? காகிதத்தில் கட்டம் காலியாக இருந்தால் மிஸ்ஸிக்கு ஒரு சந்தேகமாவது வரும்.

சர்க்கரை அளவும் அப்படித்தான். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நாம் இங்கே மில்லிமோலில் அளக்கிறோம், இந்தியாவில் மில்லிகிராமில். நமது 10 அங்கே 180. சென்னைக்குப் போய் வைத்தியம் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டோடு வருபவர்கள் பினாங்கில் நிறைய. அந்த 180-ஐ அப்படியே தட்டினால் ஏற்றுக்கொள்ளும் கட்டம் எனக்குத் தெரிந்தே இருந்தது.

நேரமும் இருக்கிறது. சிஸ்டம் விழுந்துவிட்டால் காகிதத்தில் எழுதி, வந்த பிறகு ஏற்றுவார்கள். காலை 8 மணிக்குப் போட்ட இன்சுலினை மதியம் 2 மணிக்கு ஏற்றினால், சில சிஸ்டங்கள் 2 மணிக்குப் போட்டதாகவே காட்டும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் லைன் போவது சாதாரணம். போட்ட நேரம் ஒரு கட்டம், ஏற்றிய நேரம் இன்னொரு கட்டம் என்று இருந்தால் தீர்ந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டியது நீங்கள். விற்பவர் தானாகக் கொடுக்கமாட்டார்.

நோய்களுக்குக் குறியீடு வைக்கவும் கம்ப்யூட்டர்கள் தகவலும் படமும் பரிமாறவும் ஐசிடி 10, ஸ்னோமெட், எச்எல்7, டைகாம் என்று உலகம் ஒப்புக்கொண்ட முறைகள் இருக்கின்றன, அவற்றைப் பின்பற்றுவோம் என்று சொல்வீர்கள். தாராளமாக. அவை கட்டத்தின் அளவையும் சொல்லின் பொருளையும் சொல்லும். கவுண்டரில் இருப்பவர் கேட்டாரா இல்லையா என்பதை எந்த முறையும் சொல்லாது.

இரகசியத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கல்யாணம் பேசும்போது ஜாதகம் பார்த்த கையோடு என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு. "மாப்பிள்ளைப் பையன் உங்க ஆஸ்பத்திரிலதான் காட்டுறானாம், சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லுக்கா" என்பார்கள். முடியாது என்பேன். கோபித்துக்கொண்டு போனவர்களில் சொந்தக்காரர்களும் உண்டு. அப்போது நான் பார்க்க நினைத்தாலும் ரேக்குக்குப் போய், ட்ரேசர் கார்டில் கையெழுத்துப் போட்டு, மேற்பார்வையாளர் முன்னால் எடுக்க வேண்டும். இனி ஒரு க்ளிக். அதுவும் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு ஜோகூர் மாப்பிள்ளையைப் பார்க்கலாம்.

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. தனியார் கிளினிக்கைக் கேட்கலாம், அரசாங்க மருத்துவமனையை அந்தச் சட்டத்தில் கேட்க முடியாது. இரண்டையும் ஒரே குழாயில் இணைக்கும்போது எந்தச் சட்டம் ஓடும்? 2018-இல் சிங்கப்பூரில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடினார்கள், அதில் அவர்கள் பிரதமருடையதும் இருந்தது. அவ்வளவு கட்டுக்கோப்பான ஊரிலேயே அந்தக் கதி. திருடனை முழுக்கத் தடுக்க முடியாது என்றே வைத்துக்கொண்டாலும், என் பதிவை யார், எப்போது, எங்கிருந்து திறந்தார்கள் என்பதை நானே பார்க்கும்படி செய்ய முடியும். ட்ரேசர் கார்டின் வேலை அதுதான். அது என் கைப்பேசியில் தெரிந்தால் சும்மா ஒரு பார்வை பார்ப்பவர்கள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

கோவிட் காலக் கைப்பேசிச் செயலியான மைசெஜாத்ராவை 2020 ஏப்ரலில் தொடங்கினீர்கள், நாடே பயன்படுத்தியது. அது யாருடையது என்ற கேள்வி 2022-இல்தான் எழுந்து நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை போனது. இந்த முறை அதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நிறுவனம் மாறினாலும் பதிவுகள் முழுதாக, யாரும் படிக்கும் வடிவத்தில், நம் கைக்கு வர வேண்டும்.

என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாத்திரையில் ஒன்றை நிறுத்த அந்தத் தனியார் டாக்டரே சொல்லிவிட்டார். என் முன்னாலேயே அவர் கம்ப்யூட்டரில் திருத்தினார். தீவில் உள்ள பதிவில் அண்ணன் விழுந்ததும் தெரியாது, இது நின்றதும் தெரியாது. அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரும்போது நானே கூடப் போய்ச் சொல்வதாக இருக்கிறேன். அண்ணனுக்கு நான் இருக்கிறேன்.

உங்களிடம் கேட்க எனக்கு இருப்பது ஒரே கேள்வி. திட்டம் நடைமுறைக்கு வரும் முதல் வாரத்தில், ஏதோ ஒரு சின்னக் கிளினிக்கின் கவுண்டரில், திரையில் இரண்டு முனியாண்டி வருவார்கள். பிறந்த தேதி ஒன்று, தகப்பன் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கும், ஒருவருக்குப் பென்சிலின் ஆகாது என்று இருக்கும், மற்றவருக்கு இல்லை என்று இருக்கும். எதிரே ஒரு கிழவர் நிற்பார். பின்னால் நாற்பது பேர் வரிசை. கவுண்டரில் இருக்கும் அந்தப் பிள்ளை யாருக்குப் போன் செய்ய வேண்டும்? மறுமுனையில் எடுப்பவர் யார், அவர் சொன்னால் சபாவிலும் செல்லுமா?

அந்த நம்பர் முடிவானதும் தெரிவியுங்கள். பதில் மலாயில் இருந்தாலும் பரவாயில்லை, 30 வருடம் அதில்தான் ஃபைல் எழுதினேன்.

இப்படிக்கு,
மருத்துவப் பதிவேட்டுப் பிரிவின் ஓய்வுபெற்ற ஊழியர்,
பிறை, பினாங்கு